முதல் ஹெட்செட்: பேசிவா, ஏ.என்.ஆரா?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தவன். வயது 20. மகாராஷ்டிரத்தில் ஒரு ஃப்ளையிங் ஸ்கூலில் சி.பி.எல். (வணிக விமானி லைசென்ஸ்) பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறேன். பயிற்சி விமானம் செஸ்னா 172. சொந்த ஹெட்செட் வாங்கச் சொல்லிவிட்டார்கள். டேவிட் கிளார்க் மாதிரி மின்சுற்று இல்லாத சாதாரண பேசிவ் ஹெட்செட் ஒரு விலை, போஸ் மாதிரி மின்சுற்றால் இரைச்சலைக் குறைக்கும் ஏ.என்.ஆர். ஹெட்செட் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அப்பா ஏற்கெனவே நிலத்தை வைத்துத்தான் கடன் வாங்கியிருக்கிறார். பேசிவ் போட்டால் காது போய்விடும் என்று ஒரு சீனியர் சொல்கிறார். ஏ.என்.ஆர். போட்டால் எஞ்சின் சத்தமும் ஸ்டால் வார்னிங்கும் (இறக்கை தூக்கும் விசையை இழக்கப்போகிறது என்ற எச்சரிக்கை ஒலி) கேட்காது, ஆபத்து என்று இன்னொருவர். பெட்டியில் என்.ஆர்.ஆர். (சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்ற மதிப்பீடு) 23 என்று போட்டிருப்பது பேசிவ் ஹெட்செட்டில்தான், விலை அதிகமானதில் அந்த எண்ணே இல்லை. அதுவும் குழப்புகிறது. பாட்டு கேட்கும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வீட்டில் இருக்கிறது, அதில் மைக் மாட்டிக்கொள்ள முடியாதா என்று அப்பா கேட்கிறார். நான் கண்ணாடி அணிபவன். எதை வாங்கட்டும், சார்?

பதில்:

தம்பி, முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு பேசலாம். லைசென்சுக்குத் தேவையான 200 மணி நேரத்தில் பெரும்பகுதிக்கு, காதில் ஒழுங்காக உட்காரும் நல்ல பேசிவ் ஹெட்செட் உங்களுக்குப் போதும். மிச்சமாகும் பணத்தில் சில மணி நேரம் கூடுதலாகப் பறக்கலாம். இப்போதைக்கு இந்த முடிவை மாற்றக்கூடியது உங்கள் மூக்குக்கண்ணாடி ஒன்றுதான். அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

இரண்டு ஹெட்செட்டும் இரண்டு வேறு சத்தங்களோடு சண்டை போடுகின்றன. கடையில் அவற்றை நல்லது, அதைவிட நல்லது என்று வரிசைப்படுத்திக் காட்டுவதால்தான் இத்தனை குழப்பம்.

நீங்கள் பறக்கப்போகும் 172-இல் இருப்பது நான்கு சிலிண்டர் லைக்கமிங் எஞ்சின், இரண்டு இதழ் புரொப்பெல்லர். 2,400 ஆர்.பி.எம். வைத்தால் கிராங்க் ஷாஃப்ட் நொடிக்கு 40 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு இதழ் கடக்கிறது. ஆக 80 ஹெர்ட்ஸ். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர் சுடுகிறது. அதுவும் 80 ஹெர்ட்ஸ். நடுவில் கியர் எதுவும் இல்லாமல் புரொப்பெல்லர் நேராக ஷாஃப்டிலேயே மாட்டியிருப்பதால் இரண்டு சத்தமும் ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. நெஞ்சுக்கூட்டில் உணர்கிற அந்தக் கனத்த உறுமல் இதுதான். அதன் மடங்குகள் 160, 240 என்று மேலே போகும். இவற்றுக்கும் மேலே, கதவு இடுக்கிலும் காற்றோட்டக் குழாயிலும் உரசி வரும் காற்றின் சீற்றம். எல்லாம் சேர்ந்து இந்த வகைப் பிஸ்டன் விமானங்களில் குரூஸின்போது (சீரான உயரத்தில் பறக்கும்போது), காதின் உணர்வுக்கு ஏற்பத் திருத்திய ஏ அளவுகோலில், ஏறத்தாழ 85 முதல் 95 டெசிபல் வரை நிற்கும்.

அந்த ஏ அளவுகோல் உங்களிடம் ஒன்றை மறைக்கும். நம் காது தாழ்ந்த ஒலியை மந்தமாகக் கேட்கிறது என்பதற்காக, 80 ஹெர்ட்ஸில் உள்ள சத்தத்திலிருந்து அது 22 டெசிபலுக்கு மேல் கழித்துவிட்டுத்தான் கணக்குக் காட்டும். ஆகவே மீட்டரில் 90 என்று வந்தாலும், இயர் கப்பின்மேல் வந்து மோதுகிற உறுமல் அதைவிட எவ்வளவோ பெரியது. காதைக் கெடுக்கும் அபாயத்தைக் கணக்கிட ஏ அளவுகோல் சரியானது. இரண்டு மணி நேரம் பறந்து இறங்கியதும் தலை ஏன் பாரமாக இருக்கிறது என்பதற்கு அதனிடம் பதில் கிடையாது.

இனி பேசிவ். கனமான பிளாஸ்டிக் கப், உள்ளே பஞ்சு, விளிம்பில் ஜெல் அல்லது ஃபோம் சீல், தலையை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் பட்டை. அவ்வளவுதான், பேட்டரி கிடையாது. 1,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சத்தத்தில் இது 30 முதல் 40 டெசிபல் வரை வெட்டிவிடும். இன்றுவரை எந்த மின்னணுவும் அந்த வேலையை இதைவிட மலிவாகச் செய்ததில்லை. ஆனால் 125 ஹெர்ட்ஸுக்கு வந்தால் நல்ல ஹெட்செட்டிலும் 15 டெசிபல் அளவில் நின்றுவிடும். 80-இல் இன்னும் குறைவு. கப்புக்கு ஒரு எடை இருக்கிறது, சீலுக்கும் உள்ளே அடைபட்ட காற்றுக்கும் ஸ்பிரிங் போன்ற குணம் இருக்கிறது. வேகமான அதிர்வுக்குக் கனமான கப் அசைந்து கொடுக்காது. மெதுவான அதிர்வு வந்தால் கப் முழுவதுமாகச் சேர்ந்து உள்ளும் வெளியும் ஆட ஆரம்பித்துவிடும், சத்தம் உள்ளே வந்துவிடும். இதைக் குறைக்க வேண்டுமென்றால் கப் இன்னும் கனமாக வேண்டும், பட்டை இன்னும் இறுக வேண்டும். பச்சை நிற டேவிட் கிளார்க் ஹெச்10-13.4 அரை கிலோ அளவுக்கு இருப்பதும், புதிதாகப் போடுகிறவர்களுக்கு மண்டை நெரிபடுவதும் அதனால்தான்.

ஏ.என்.ஆர். அந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. கப்புக்குள் காதுக்கு அருகே ஒரு குட்டி மைக் இருக்கிறது. உள்ளே நுழைந்துவிட்ட சத்தத்தை அது கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை ஸ்பீக்கர் வழியாகப் போடுகிறது. ஊஞ்சல் தன்னை நோக்கி வரும்போது கையால் எதிர்த்துத் தள்ளினால் நிற்கும். அரை நொடி தாமதித்துத் தள்ளினால் இன்னும் வேகமாக ஆடும். 80 ஹெர்ட்ஸ் என்பது மெதுவாக வரும் ஊஞ்சல், மின்சுற்றுக்கு நேரம் நிறைய இருக்கிறது. 2,000 ஹெர்ட்ஸில் நேரமே இல்லை. அதனால் ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸ் வரை நன்றாக வேலை செய்துவிட்டு, 1,000-ஐ நெருங்கும்போது வடிவமைப்பாளர்களே அதை அடக்கிவிடுகிறார்கள். அடக்காவிட்டால் சத்தம் குறைவதற்குப் பதிலாகக் கூடும். உண்மையில் அந்த எல்லையை ஒட்டிய பகுதியில் கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. சில ஹெட்செட்டில் லேசான 'உஸ்' கேட்பது இதனாலும்தான்.

ஆகவே ஏ.என்.ஆர். என்று தனியாக ஒரு ஹெட்செட் கிடையாது. பேசிவ் கப்பின் மேல் ஏற்றிய ஒரு கூடுதல் வேலைதான் அது. மேல் பாதிச் சத்தத்தை அதிலும் பிளாஸ்டிக்கும் சீலும்தான் தடுக்கின்றன.

இந்த யோசனை பழையது. எதிர் ஒலியால் ஒலியை அழிக்கும் முறைக்கு ஜெர்மானியர் பால் லூக் 1936-இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அதற்கு ஏற்ற மின்சுற்று அன்று இல்லை. 1978-இல் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா திரும்பிய விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இரைச்சலைத் தாண்டிப் பாட்டு கேட்க முடியாமல், போஸ் கம்பெனியின் நிறுவனர் அமர் போஸ் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார். இவருடைய தந்தை வங்காளத்திலிருந்து போன விடுதலைப் போராட்டக்காரர். 1986 டிசம்பரில் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் எரிபொருள் நிரப்பாமல், எங்கும் இறங்காமல் வாயேஜர் விமானத்தில் ஒன்பது நாளில் உலகைச் சுற்றியபோது போஸின் மாதிரி ஹெட்செட்டுகள் உடன் போயின. விமானிகளுக்கென்று கடைக்கு வந்தது 1989-இல். ஒன்பது நாள் எஞ்சினுக்கு அருகிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு அது அவசியம். காலையில் ஒரு மணி நேரம் ஓடுபாதையைச் சுற்றிச் சர்க்யூட் அடித்துவிட்டு இறங்குகிறவருக்கு எவ்வளவு அவசியம் என்பதுதான் நம் கேள்வி.

முதல் சீனியர் சொன்னதற்கு வருவோம். பேசிவ் போட்டால் காது போய்விடுமா? என்.ஆர்.ஆர். 23 என்ற எண்ணை வைத்தே பார்க்கலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை 1979-இல் கொண்டுவந்த லேபிள் அது. ஏ அளவுகோலில் அளந்த சத்தத்துக்கு அதைப் பயன்படுத்தும்போது 7 கழிக்க வேண்டும். காக்பிட் 95 என்று வைத்துக்கொள்வோம். 23-இல் 7 போக 16. அப்படியானால் காதில் 79. சோதனைச்சாலையில் பொருத்திய மாதிரி நிஜத்தில் யாரும் பொருத்துவதில்லை என்பதால், தொழிற்சாலைப் பாதுகாப்புக்காரர்கள் அந்த 16-ஐயும் பாதியாக்கச் சொல்வார்கள். அப்போது காதில் 87. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைக்கும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம். நீங்கள் ஒரு நாளில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் பறக்கப்போகிறீர்கள். எடுத்துக்கொண்டது மோசமான கணக்கு, அப்போதும் வரம்புக்குள்ளேதான் இருக்கிறீர்கள். சீலில் ஓட்டை இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகும்.

விலை அதிகமானதில் அந்த எண் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். என்.ஆர்.ஆர். சோதனை என்பது நிசப்தமான அறையில் ஒருவரை உட்காரவைத்து, காப்பு போடாமலும் போட்டும் அவர் எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறார் என்று பார்ப்பது. ஏ.என்.ஆர். மின்சுற்றுக்கென்று ஒரு சன்னமான 'உஸ்' இருக்கிறதே, அது அந்த மெல்லிய ஒலியை மூடிவிடும். சோதனையே செல்லாமல் போகும். தவிர, அந்தச் சோதனை 125 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. ஏ.என்.ஆர். தன் திறமையைக் காட்டும் 80 ஹெர்ட்ஸ் அந்தக் கணக்கிலேயே வராது. எண் இல்லாததால் சரக்கு மட்டம் என்று அர்த்தமில்லை. அதே சமயம், இந்த இடைவெளியில் ஏ.என்.ஆர். கம்பெனிகள் '30 டெசிபல்', '40 டெசிபல்' என்று விளம்பரத்தில் போடுவது எந்த அதிர்வெண்ணில், பேசிவையும் சேர்த்தா சேர்க்காமலா என்று பாருங்கள். அது சொல்லப்படவில்லை என்றால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

இரண்டாவது சீனியர் சொன்னது எல்லா ஃப்ளையிங் ஸ்கூலிலும் சுற்றும் கதை. 172-இன் ஸ்டால் வார்னிங் பெரும்பாலும் இடது இறக்கையின் முன் விளிம்பில் இருக்கும் ஒரு ஊதல். காற்று உறிஞ்சப்படும்போது கீச்சென்று கத்தும். கரண்டே வேண்டாம். கீச்சுக்குரல் என்றால் உயர்ந்த அதிர்வெண். உயர்ந்த அதிர்வெண்ணைத் தின்பது பேசிவ் கப்பா, ஏ.என்.ஆர். மின்சுற்றா? கப்தான்! சொல்லப்போனால் இறுக்கமான பேசிவ் ஹெட்செட்தான் அந்த ஊதலை அதிகம் அமுக்குகிறது. ஏ.என்.ஆர். பின்னணி உறுமலை எடுத்துவிடுவதால் ஊதல் தனியாக நிற்கிறது. ஆனாலும் அலட்சியம் வேண்டாம். நாய்ஸ் கேன்சலிங் ஹெட்செட் போட்டுக்கொண்டு காக்பிட் எச்சரிக்கை ஒலிகள் கேட்கின்றனவா என்று சோதித்துக்கொள்ளும்படி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 2007-இல் விமானிகளுக்கு அறிவுறுத்தியது. அதை எந்த ஹெட்செட்டுக்கும் செய்யலாம். முதல் ஸ்டால் பயிற்சியில் ஊதல் எவ்வளவு கேட்கிறது என்று கவனியுங்கள். ஜி1000 என்ற டிஜிட்டல் கருவித் திரை உள்ள 172 என்றால் அதன் எச்சரிக்கைகள் ஆடியோ பேனல் வழியாக நேரே ஹெட்செட்டுக்குள்ளேயே வரும்.

எஞ்சின் சத்தம் பற்றிய பயத்தில் கால்வாசி நியாயம் இருக்கிறது. பவரைக் குறைத்ததும் சத்தம் எப்படி மாறுகிறது, அந்தச் சத்தத்துக்கு ஆர்.பி.எம். எவ்வளவு என்பதைக் காது பழக வேண்டும். தரையிறங்கும் கடைசிக் கட்டமான ஃபைனலில் டயலைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமிருக்காது. ஏ.என்.ஆர். அந்த மாற்றத்தை முழுதாக அழிப்பதில்லை, மேல் மடங்குகள் கேட்கத்தான் செய்யும். ஆனாலும் ஆரம்ப மாதங்களில் எஞ்சினின் முழுக் குரலோடு பழகட்டும் என்றுதான் நான் நினைப்பேன். எஞ்சின் திணறினால் அது முதலில் தெரிவது பெரும்பாலும் காதில் அல்ல, இருக்கையிலும் ரட்டர் பெடலிலும்.

இவ்வளவும் சொன்னதால் ஏ.என்.ஆர். வீண் ஆடம்பரம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் பெரிய லாபம் ரேடியோவில் இருக்கிறது, கடையில் யாரும் அதைச் சொல்வதில்லை. தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள ஒலிகளை விழுங்கிவிடும். உயர்ந்த ஒலி தனக்குக் கீழே உள்ளதை அந்த அளவுக்கு விழுங்காது. நம் உட்காதின் அமைப்பு அப்படி. வி.ஹெச்.எஃப். ரேடியோவில் குரல் வருவது ஏறத்தாழ 300 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள். எஞ்சின் உறுமல் அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு மெய்யெழுத்துகளைத் தின்கிறது. கன்ட்ரோலர் வேகமாக ஹெடிங் (திசை), ஆல்டிட்யூட் (உயரம்), ஸ்க்வாக் (ரேடாருக்கான அடையாள எண்) மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார். உங்களுக்குக் குரல் கேட்கும், வார்த்தை பிடிபடாது. உடனே என்ன செய்வோம்? வால்யூமைத் திருகுவோம். ஹெட்செட்டுக்குள் வரும் ரேடியோவும் சத்தம்தான், காதுக்கு அது எஞ்சின் என்றோ டவர் என்றோ தெரியாது. உறுமலை எடுத்துவிட்டால் வால்யூமைக் கணிசமாக இறக்கிவைக்கலாம், 'சே அகெய்ன்' (திரும்பச் சொல்லுங்கள்) என்று கேட்பதும் குறையும். நாள் முழுக்க மாணவர்களோடு பறக்கும் இன்ஸ்ட்ரக்டர்களும் ஊர் விட்டு ஊர் நீண்ட கிராஸ் கன்ட்ரி போகிறவர்களும் ஏ.என்.ஆருக்குப் பணம் கொடுப்பது இதற்காகத்தான். மாலையில் இறங்கும்போது அவர்களுக்கு மூளை மிச்சம் இருக்கிறது.

அந்த லாபத்தில் ஒரு பங்கை மலிவாகவே பெறலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் இயர் பிளக்கை உருட்டிக் காதுக்குள் ஆழமாக வைத்து, மேலே பேசிவ் ஹெட்செட்டைப் போடுங்கள். காதுக்குள் போகும் ஃபோம், கப்பைப் போலத் தாழ்ந்த ஒலியில் தோற்றுவிடுவதில்லை. இரண்டையும் சேர்த்தால் பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்று நினைக்காதீர்கள். இரண்டில் அதிகமானதன் மேல் 5 டெசிபல் கூட்டிக்கொள்வதுதான் வழக்கமான கணக்கு. இன்டர்காம் வால்யூமை ஏற்ற வேண்டிவரும், ஆனால் பிளக் அதையும் குறைத்துத்தான் உள்ளே விடும். முதலில் இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லிவிட்டு, தரையில் எஞ்சின் ஓடும்போது ரேடியோ தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். தனியாகப் பறக்கும் சோலோ அன்று புதிதாகச் செய்து பார்க்கிற காரியம் அல்ல இது.

இனி கண்ணாடி. கண்ணாடிக் கால் சீலுக்கு அடியில் புகுந்து போகும் இடத்தில் ஒரு சின்னச் சந்து விழும். தாழ்ந்த ஒலி அந்தச் சந்து வழியாகத் தாராளமாக வரும். பேசிவில் ஏற்கெனவே பலவீனமான பகுதி இன்னும் பலவீனமாகும். ஏ.என்.ஆரிலும் இதே ஓட்டை விழும், ஆனால் உள்ளே வந்ததில் ஒரு பகுதியை மின்சுற்று துரத்திப் பிடிக்கும். தவிர, ஏ.என்.ஆர். ஹெட்செட் தலையை அவ்வளவு இறுக்குவதில்லை. போஸ் ஏ20 340 கிராம்தான். இறுக்கமான பேசிவ் பட்டை கண்ணாடிக் காலைக் காதுக்கு மேல் உள்ள எலும்பில் வைத்து அழுத்தும்போது முக்கால் மணி நேரத்தில் வலி ஆரம்பித்துவிடும். வலிக்கிறது என்று நீங்களே பட்டையைத் தளர்த்துவீர்கள், சீல் போய்விடும்.

எனவே ஹெட்செட்டுக்கு முன்னால் கண்ணாடியை மாற்றுங்கள். தகடு போல மெல்லிய, நேரான உலோகக் கால் உள்ள ஃபிரேம் ஒன்று. தடித்த பிளாஸ்டிக் ஃபிரேம் காக்பிட்டுக்கு ஆகாது. சீல் ஃபோமாக இருந்தால் ஜெல்லுக்கு மாற்றிக்கொள்ளலாம், காலைச் சுற்றி அது இன்னும் நன்றாகப் படியும். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அறிய மீட்டர் தேவையில்லை. இன்ஸ்ட்ரக்டர் விமானத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்போது, இரண்டு கப்பையும் உள்ளங்கையால் தலையோடு மெல்ல அழுத்திப் பாருங்கள். சத்தம் சட்டென்று இறங்கினால் சீல் கசிகிறது. பெரிதாக மாற்றம் இல்லையென்றால் உங்கள் தலைக்கும் கண்ணாடிக்கும் அந்த ஹெட்செட் பொருந்திவிட்டது. மெல்லிய ஃபிரேம் போட்டும், ஜெல் சீல் போட்டும் கசிகிறது, அல்லது வலி தாங்கவில்லை என்றால், அப்போது கடன் கூடினாலும் ஏ.என்.ஆர். வாங்குவது நியாயம். இதைத் தெரிந்துகொள்ள ஸ்கூல் ஹெட்செட்டையோ நண்பருடையதையோ இரண்டு மூன்று முறை போட்டுப் பறந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடைக்குள் நின்று போட்டுப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது, அங்கே எல்லா ஹெட்செட்டும் சுகமாகத்தான் இருக்கும்.

அப்பாவின் யோசனைக்குப் பதில்: வேண்டாம். வீட்டு ஹெட்போனின் கப் லேசானது, பஸ்ஸிலும் ரயிலிலும் உள்ள சத்தத்துக்குச் செய்தது. ஒற்றை எஞ்சினுக்குப் பின்னால் வரும் உறுமலின் அளவுக்கு அதன் சின்ன ஸ்பீக்கரால் எதிர் அலை கொடுத்து ஈடுகட்ட முடியாமல் போனால், டப்டப்பென்று உடைந்து ஒலிக்கும். மேல் அதிர்வெண் காப்பும் குறைவு. வெளிநாட்டில் சிலர் மைக் மாட்டிப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மைதான். பயிற்சி மாணவர் அதில் இறங்க வேண்டியதில்லை, பெரும்பாலான ஸ்கூல்களில் அனுமதிக்கவும் மாட்டார்கள்.

பழைய ஹெட்செட் கிடைத்தால் தயங்காதீர்கள். படிப்பை முடித்துப் போகும் சீனியர்கள் விற்பார்கள். பேசிவில் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை: மைக் ஸ்பாஞ்ச், கேபிள், சீல். சீல் காய்ந்து விறைத்திருந்தால் புதிது மாட்டுங்கள். வியர்வைக்கும் வெயிலுக்கும் அது சீக்கிரம் போய்விடும். ஸ்கூலின் பொது ஹெட்செட்டைப் போடுவதானால் துடைத்துவிட்டுப் போடுங்கள். மழைக்காலத்தில் காதில் பூஞ்சை வந்தால் விமானிக்கான உடல்தகுதிச் சோதனையான மெடிக்கலுக்கே சிக்கல். துணி உறை போடுவது சுத்தத்துக்கு நல்லது, சீலுக்கு அவ்வளவு நல்லதல்ல. பழைய ஏ.என்.ஆர். வாங்குவதென்றால் மட்டும் எஞ்சின் ஓடும்போது சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். இரண்டு கப்பிலும் சமமாக வேலை செய்ய வேண்டும்.

என்றாவது ஏ.என்.ஆர். வாங்கினால், பேட்டரி தீர்ந்ததும் அது வெறும் பேசிவ் ஹெட்செட்டாகிவிடும். ரேடியோ நின்றுவிடாது. ஆனால் அதுவரை அமைதியாக இருந்த காக்பிட் திடீரென்று உறுமும்போது, எஞ்சினுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று புதியவர்கள் திடுக்கிடுவார்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே, இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்கும்போது வேண்டுமென்றே ஸ்விட்சை அணைத்துப் பழகுங்கள். பையில் மாற்று பேட்டரி எப்போதும் இருக்கட்டும். புளூடூத் இருந்தால் அது தரையோடு நிற்கட்டும்.

நாளைக்கு ஏர்லைன் போவேனே, அதற்கும் சேர்த்து இப்போதே நல்லதாக வாங்கிவிடலாமே என்று ஒரு எண்ணம் வரும். அதற்காக வாங்காதீர்கள். 172-இல் இருப்பது இரட்டை பிளக். போயிங் 737-இலும் அதேதான். ஏர்பஸ் ஏ320-இல் எக்ஸ்.எல்.ஆர். என்ற ஐந்து பின் பிளக்; இன்றைய ஹெட்செட் அங்கே அடாப்டர் இல்லாமல் சேராது. ஜெட் காக்பிட்டில் சத்தத்தின் குணமும் வேறு: புரொப்பெல்லர் உறுமல் கிடையாது, மூக்கின்மேல் மோதும் காற்றின் பரந்த இரைச்சல். அங்கே காதின்மேல் லேசாக உட்காரும் சின்ன ஹெட்செட்டே பலருக்குப் போதும். தூத்துக்குடிக்கு வரும் ஏ.டி.ஆர். 72 போன்ற டர்போபிராப் விமானத்தில் வேலை கிடைத்தால் கதை திரும்ப மாறும். ஆறு இதழ் புரொப்பெல்லர் குரூஸில் நிமிடத்துக்கு ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றுவதால் 100 ஹெர்ட்ஸை ஒட்டி உறுமல் வரும், ஏ.என்.ஆருக்குப் பிடித்த இரை. அதையெல்லாம் வேலை கிடைத்தபின் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஹெட்செட்டைவிட மலிவான ஒன்றை, முடிந்தால் பறக்கத் தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். நல்ல ஈ.என்.டி. மருத்துவமனையில் ஒரு ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறன் சோதனை. மெடிக்கலுக்கு எடுத்தது இருக்கிறதே என்பீர்கள். வணிக விமானிகளுக்கான கிளாஸ் 1 மெடிக்கலுக்கு, சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான இக்காவோவின் விதி கேட்பது 500, 1,000, 2,000 ஹெர்ட்ஸில் 35 டெசிபலுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது, 3,000-இல் 50-க்கு மேல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இரைச்சலால் காது கெடுவது வழக்கமாக 4,000 ஹெர்ட்ஸை ஒட்டித் தொடங்கும். அங்கே குழி விழுந்த பிறகும் நீங்கள் பல ஆண்டு மெடிக்கலில் பாஸாகிக்கொண்டே இருக்க முடியும். ஆகவே 3,000, 4,000, 6,000, 8,000 எல்லாவற்றிலும் எடுத்துத் தரும்படி கேளுங்கள். சோதனைக்கு முந்தைய 14 மணி நேரம் எஞ்சின் சத்தம், ஹெட்போன் பாட்டு எதுவும் வேண்டாம். தற்காலிக மந்தம் இருந்தால் அளவு தப்பாக வரும். அந்தத் தாளை லாக்புக்கோடு வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை அதே போல எடுத்து ஒப்பிடுங்கள். 4,000-இல் 10 டெசிபல் இறங்கியிருந்தால் சில நாள் கழித்து மறுபடி ஒருமுறை எடுத்து உறுதி செய்யுங்கள். அப்போதும் இறங்கியே இருந்தால் முதலில் சீலைப் பாருங்கள், அடுத்து வால்யூம் குமிழ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் இறங்குகிறது என்றால் அன்றைக்கு ஏ.என்.ஆருக்குக் கடன் வாங்கலாம், அப்பாவிடம் அந்தத் தாளையே காட்டுங்கள்.